துண்டுக்குள் மூன்று விரல்

அன்பு மகள் எஸ்தருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே, வேலிப் படலுக்குப் பக்கத்தில் நின்றபடி படித்து முடித்தேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "இன்னா எழுதியிருக்கா? உடம்பு நல்லாருக்காமா?" என்று மூன்று தடவை கேட்டாள். "நல்லாருக்காளாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். முதல் மூன்று பக்கமும் உன் வகுப்பைப் பற்றி. காட்பாடியில் உன்னிடம் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் உன் முகத்தையே பார்க்கிறார்கள், நீ தலையசைத்தால் ஆமாம் என்கிறார்கள், புருவத்தை உயர்த்தினால் இல்லை என்கிறார்கள், சொந்தமாக யோசித்து ஒரு முடிவுக்கு வர இவர்களை எப்படிப் பழக்குவது, நீங்கள் எப்படிச் செய்தீர்கள் நைனா என்று கேட்டிருந்தாய். நாலாம் பக்கத்தில் ஒரே வரி. "ஜோலார்பேட்டை சம்பந்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் இஷ்டம் நைனா."

இரண்டையும் ஒரே கையால், ஒரே மையால், ஒரே நாளில் எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கே ஒன்றும் தோன்றவில்லையா என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாள் கழித்தேன். மாப்பிள்ளை வீட்டார் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். ஆகையால் இனியும் தள்ளிப்போட முடியாது. நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். கேட்காததற்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த மறுவருஷம் அது. ஆம்பூரில் நம் பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். சுவரோரப் பெஞ்சில் நாலு பெண்கள், அதில் நீ ஒருத்தி. பின்பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டை ஊறுகிற வாடை காற்றடிக்கும் திசைக்குத் தக்கபடி வரும், போகும். ஒரு நாள் பூகோளப் பாடத்தில், அவசரத்தில், கரும்பலகையில் 'பாலாறு வேலூரிலிருந்து புறப்பட்டு ஆம்பூர் வழியாக மேற்கே பாய்கிறது' என்று எழுதிவிட்டேன். முப்பத்திரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டீர்கள். மறுநாள் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. முப்பத்திரண்டு நோட்டிலும் ஆறு மலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. தோல் மண்டிக்காரர் மகன் காதரை எழுப்பி நிறுத்தினேன்.

"ஏண்டா காதர், ஆத்தப் பாத்திருக்கியா?"

"வூட்டுக்குப் பின்னாடியே ஆறுதான் சார்."

"தண்ணி வந்தா எந்தப் பக்கமா போவும்?"

"வாணியம்பாடி பக்கத்துலேர்ந்து வந்து வேலூரு பக்கமா போவும் சார்."

"அப்ப நோட்டுல இன்னாடா எழுதியிருக்க?"

அவன் நோட்டைப் பார்த்தான், கரும்பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது பாடம் சார். இது ஆறு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடத்தை வேறாகவும் ஆற்றை வேறாகவும் வைத்துக்கொள்ளத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று பட்டது.

அதன் பிறகு கேள்வி கேட்டுக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உன் வகுப்பில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர், முதல் பெஞ்சில் யார் கை எழுகிறது என்று பார்த்துத் தங்கள் கையைத் தூக்கினார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் தோல் மண்டி வழியாக வந்துகொண்டிருந்தேன். தரகர் பாஷா பாய் தோளில் கிடந்த துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு, அதற்குள் ஒரு வியாபாரியின் கையைப் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நம் ஊரில் பிறந்த உனக்குத் தெரியாததில்லை. வாய் திறக்க மாட்டார்கள். எதிராளியின் விரல்களில் எத்தனையைப் பிடிக்கிறார்களோ அதுதான் சொல்லும் விலை. நாலு பேர் வரிசையாக வந்து கையை நுழைத்தார்கள், நாலு பேரும் வேறு வேறு விலை சொல்லிப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் நான் கேட்டேன், "ஏன் பாய், வாய்விட்டுச் சொன்னா இன்னா?"

"வாத்யாரே, ஒருத்தன் வாய்விட்டு வெலை சொல்லிட்டா மத்தவன் தோலைப் பாக்க மாட்டான். அந்த வெலையத்தான் பாப்பான்" என்றார். "துண்டுக்குள்ள சொல்லணும்னா அவனவன் தோலைத் திருப்பிப் பாத்துட்டு வந்துதான் ஆவணும். மயிர்ப் பக்கம் பாத்தா எல்லாத் தோலும் ஜோராத்தான் இருக்கும். கத்தி பட்டது உள்பக்கம் திருப்பினாத்தான் தெரியும்."

திங்கட்கிழமை சிவப்புக் கரை போட்ட என் துண்டை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்கு நினைவிருக்கும். ஒரு சேதியைச் சொல்வேன். நம்பினால் ஒரு விரலைப் பிடிக்க வேண்டும், நம்பாவிட்டால் இரண்டு விரல். ஒவ்வொருவராக வந்து துண்டுக்குள் கையை விடுவீர்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் வாய்விட்டுக் காரணம் பேசலாம். அந்தப் பேச்சில் "திருப்பிப் பாத்தியா?" என்று யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், என்னையும் கேட்கலாம். முதல் வாரத்திலேயே காதர் என்னைக் கேட்டுவிட்டான். "சார், நீங்க கையக் குடுக்கறப்பவே ஒரு விரலு மட்டும் முன்னாடி வருது. எங்க அத்தா சொல்வாரு, தரகன் கை பேசும்னு." உண்மைதான். எனக்கு எந்தப் பதில் பிடித்திருந்ததோ அந்த விரலை என்னையறியாமல் நீட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர், உன் முதல் கேள்விக்கு இதுதான் என் முதல் பதில். பிள்ளைகளைப் பழக்குவது அப்புறம். வாத்தியார் முதலில் தன் விரலைப் பழக்க வேண்டும்.

மூன்றாவது விரல் நான் கண்டுபிடித்தது இல்லை. அது முருகேசனுடையது. அவன் அப்பா தோல் ஷாப்பில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். அந்தப் பையன் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. அந்த வருஷம் ரயில் பாலத்தில் ஏதோ பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, தூண் நிற்பதற்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வகுப்பில் பத்துப் பேர் வரவில்லை. வந்தவர்களும் கூட்டமாகத்தான் வந்தீர்கள். நான் அதையே கேள்வியாக வைத்தேன். ஒரு விரலும் இரண்டு விரலுமாக வந்துகொண்டிருந்தபோது முருகேசன் மூன்று விரலைப் பிடித்தான்.

"இன்னாடா இது, மூணு?"

"இன்னும் பாக்கணும் சார்."

"எதைப் பாக்கணும்?"

அவன் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னான். "சாலமன் அவங்கம்மா சொன்னாங்கன்றான். கோவிந்தன் அவங்க அத்தை சொன்னாங்கன்றான். ரெண்டு பேருக்கும் சொன்னது மோருக்காரம்மாதான் சார். அப்ப ரெண்டு பேரு சொன்னதில்ல, ஒருத்தர் சொன்னதுதான். அப்புறம், எந்த வூட்டுப் புள்ளையக் காணோம்னு யாரும் பேரு சொல்லல. அதைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சாயங்காலம் நாலைந்து பையன்களாகத் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார்கள். காணாமல் போன பிள்ளை ஒன்றும் இல்லை. மோருக்காரம்மா மட்டும், "எனக்கு எவனோ சொன்னான், போங்கடா பேஜார் புடிச்சவனுங்களா" என்று விரட்டினாளாம். அன்றிலிருந்து மூன்று விரல் என்றால் 'இன்னும் பார்க்க வேண்டும்' என்று பொருள் ஆயிற்று. ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். மூன்று பிடித்தால், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சோம்பல். உன் பிள்ளைகளுக்கும் இதைச் சொல். பதின்மூன்று வயதில் 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொல்ல வெட்கப்பட்டு ஏதாவது ஒரு பக்கம் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அந்த வெட்கத்தைப் போக்கினாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, அவர்கள் எடுக்கிற முடிவு தப்பாகப் போக நீ இடம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கத்தரிப் பாத்தி ஞாபகமிருக்கிறதா? தோல் ஷாப்பில் வழித்துப் போடும் மயிர் நல்ல எரு என்று காதர் சொல்ல, துண்டுக்குள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரு விரலே பிடித்தீர்கள். மயிர் நல்ல எருதான். ஆனால் சுண்ணாம்பில் ஊறிய மயிர் நாற்றைச் சுட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் அத்தனை நாற்றும் கருகியது. உன் பெஞ்சு ரோஸி பாத்தி ஓரமாக உட்கார்ந்து அழுதாள், நீ அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பத்து நாளும் எனக்கு எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியாது. மறு நடவுக்கு நீங்களே போய்க் குழியில் வேலை செய்பவர்களை விசாரித்து, மயிரை ஆற்றுக் கால்வாயில் மூன்று நாள் அலசி எடுத்து வந்தீர்கள். நான் முன்பே சொல்லியிருந்தால் ஒரு காய்ப்பு மிச்சமாகியிருக்கும். அடுத்த தடவையும் என்னைத்தான் கேட்டிருப்பீர்கள்.

இவ்வளவு பொறுமையாக ஊரார் பிள்ளைகளுக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதை இனி எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷமாக எழுதாததை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்போடு நம் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்க நீ வேலூரில் விடுதியில் தங்கியாக வேண்டும். உன் தம்பி கைக்குழந்தை, உன் அம்மாவுக்கு உடம்பு தேறாத சமயம். "இந்த ஒரு வருஷம் எங்கூட இருக்கட்டுமே" என்றாள். நான் படிக்கட்டும் என்றேன். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் நான்தான் பெருமையாகச் சொன்னேன், "ஊர்ப் பிள்ளைங்கள முடிவெடுக்கச் சொல்றேன். எம் பொண்ணு முடிவு பண்ண மாட்டாளா? துண்டைப் போடறேன். ஒண்ணுன்னா வேலூரு, ரெண்டுன்னா வீடு." உன் அம்மா, "அவ இன்னா சொல்றாளோ அதுக்கு நான் கட்டுப்படறேன்" என்று கதவோரம் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டு முடித்த நேரம்.

உன் கை சில்லென்று இருந்தது. ஒரு விரலைப் பிடித்தாய், விட்டாய். பிறகு மூன்றையும் சேர்த்துப் பிடித்தாய். அழுத்தமாகப் பிடித்தாய், எனக்குச் சந்தேகத்துக்கே இடமில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்து, "ஒண்ணு" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். போய் வாசல் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், வேலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பத்தை முந்தின வாரமே தபாலில் போட்டுவிட்டேன். துண்டைப் போட்டதே உன் அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான். நீ ஒரு விரல் பிடிப்பாய் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். அதன் பிறகு நீ நன்றாகப் படித்தாய், பயிற்சி முடித்தாய், இன்று முப்பது பிள்ளைகள் உன்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அப்போது நான் சொன்னதும் சரிதானே என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பேசியிருந்தால், "திருப்பிப் பாத்தியா?" என்று கேட்டிருப்பேன். முடிவு நல்லதாக ஆனதற்கும், நான் பொய் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. சுண்ணாம்புக் குழிக்காரர் மகனிடம் கேட்ட கேள்வியை என் சொந்த மகளிடம் நான் கேட்கவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தாய் எஸ்தர்?

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைத்ததை அவளிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படித்து முடித்தால் அவள் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "இது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"டிரங்குப் பொட்டியில துணி அடுக்கறப்ப அவதான் சொன்னா. 'மூணு புடிச்சேம்மா, நைனா ஒண்ணுன்னுட்டாரு'ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு அப்பவே உங்களை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன். அவதான் கையப் புடிச்சிக்கினா. 'கேக்காதம்மா. வெளிய தெரிஞ்சா கிளாஸ்ல யாரும் துண்டை நம்ப மாட்டாங்க. முருகேசன்லாம் இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்கான்'னு சொல்லிட்டா."

அவளே மறுபடி சொன்னாள். "அவ கேட்டது பெருசா ஒண்ணுமில்லைங்க. ஒரு தடவை போய் அந்த விடுதியைப் பாத்துட்டு வந்து சொல்றேன்னு இருந்தாளாம். அவ்ளோதான்."

காலை வண்டியில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்காவில் ஆற்றைத் தாண்டி வேலூர் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை. அதைத்தான் நீ கேட்டாய். அதை நான் தரவில்லை. பதின்மூன்று வயதில் நீ முப்பத்தோரு பிள்ளைகளின் துண்டையும் என் மானத்தையும் எடுத்து ஒரு பக்கம் வைத்து, உன் சனிக்கிழமையை இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்து, வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறாய். என் வகுப்பில் யாரும் எடுக்காத கனமான முடிவு அது. எடுத்தது எனக்கே தெரியாமல் போயிற்று. அன்று தொடங்கி, புடவை எடுத்தாலும், எந்த ஊரில் வேலைக்குச் சேர்வது என்றாலும், "உங்க இஷ்டம் நைனா" என்கிறாய். மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நீ எனக்காகப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாய்.

இப்போது ஜோலார்பேட்டை விஷயம். பையன் ரயில்வேயில் குமாஸ்தா. நிரந்தர வேலை, குடியிருக்க ரயில்வே வீடு. நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் அப்பா எங்களிடம், "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போவ வேணாம், எங்க வூட்ல கொறை ஒண்ணுமில்ல" என்றார். அப்போது பையன் தலையைக் குனிந்தபடி இருந்தார் என்று எழுதி, இதையும் வாய்விட்டுப் படித்தேன். உன் அம்மா, "நிறுத்துங்க" என்றாள். "நான் எழுந்து தண்ணி தேடினப்ப அந்தப் பையன்தான் ஓடிப்போய் சொம்பு கொண்டாந்து குடுத்தான். அதை ஏன் எழுதல? விரலை நீட்டறீங்க பாருங்க." ஆகையால் அதையும் எழுதிவிட்டேன். தலையைக் குனிந்தது சம்மதத்தாலா, பெரியவர் முன் பேசக் கூச்சத்தாலா என்று எனக்குத் தெரியாது. வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம், பகலெல்லாம் வண்டிச் சத்தம். அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை அடித்தேன். மேலே மை கொட்டினாற்போல் இருக்கும் இடம் அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் வரும். அதே சிவப்புக் கரைத் துண்டு. பென்ஷன் வாங்கி வந்த பிறகு பெட்டியிலேயே கிடந்தது. உன் அம்மா துவைத்து, ஓரம் பிரிந்த இடத்தைத் தைத்துக் கொடுத்தாள். உன் வகுப்புக்கு வைத்துக்கொள். கையைக் கொடுக்கும்போது எல்லா விரலையும் ஒரே மட்டமாக வைத்துக் கொடு. காதர் மாதிரி ஒருத்தி உன் வகுப்பிலும் கட்டாயம் இருப்பாள், அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

வகுப்புக்குப் போவதற்கு முன்னால் துண்டை ஒரு தடவை உன் கைமேல் போட்டுக்கொண்டு உட்கார். இந்த முறை உள்ளே என் கை இருக்காது. ஒன்றானால் சரி என்று ஜோலார்பேட்டைக்கு எழுதுகிறேன். இரண்டானால் வேண்டாம் என்று எழுதுகிறேன். அவர்களிடம் பேசுவது என் பாடு. அந்தக் கவலையை நீ சுமக்க வேண்டாம். மூன்றானால், எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுது. யாரைக் கேட்க வேண்டும், பையனிடம் என்ன பேச வேண்டும், எல்லாவற்றையும். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இன்னும் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் காலை வண்டி ஆம்பூரில் நிற்கும்போது, நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பேன். நீ வண்டியில் இருந்தால் ஏறிக்கொள்கிறேன்.

உன் நைனா